ஆல்டர்னேட்டர் போயிட்டுன்னு சொன்னது யாரு?

எச்சரிக்கை: நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும் கூட. பழைய கார் வச்சிருக்கிறவங்க முழுசா படிங்க. கார் இல்லாதவங்க "கார்"னு வர்ற இடத்துல எல்லாம் மிக்ஸி, தண்ணி மோட்டார், ஏசின்னு போட்டுப் படிச்சுக்கலாம். கதை ஒண்ணுதான்.

விஷயத்துக்கு வர்றேன். தூத்துக்குடியில பழைய அம்பாசிடரோ பத்மினியோ வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியம் கண்டிப்பா வரும். "போன வருஷம்தான் ஆல்டர்னேட்டர் மாத்துனேன், மறுபடியும் போயிட்டு." சில பேர் மூணு மாத்தியிருக்காங்க. அதைப் பெருமையா வேற சொல்லிக்கிறாங்க, என்னமோ யானை கட்டித் தீனி போட்ட ஜமீன் பரம்பரை மாதிரி.

நான் சொல்றது இதுதான். அந்த மூணுல ரெண்டாவது நல்ல ஆல்டர்னேட்டரா இருந்திருக்கும். அதைக் கழட்டி எடைக்குப் போட்டது வண்டியோட குத்தம் இல்லை, உப்புக் காத்தோட குத்தமும் இல்லை. மீட்டரைக் கையில எடுக்காம தீர்ப்பு சொன்னவங்க குத்தம். அப்படித் தீர்ப்பு சொல்றவங்களுக்குத்தான் காசு கொடுப்பேன்னு நிக்கிற நம்ம குத்தம் அதைவிடப் பெருசு. (அதுக்குக் கடைசியில வர்றேன்.)

மொதல்ல கொஞ்சம் பாடம். தூங்கிராதீங்க.

பழைய வண்டிகள்ல டைனமோ இருந்துச்சு. என்ஜின் மெதுவா ஓடுறப்போ டைனமோ உருப்படியா கரண்ட் தராது. சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்கும், வண்டி நகர்ந்தா பிரகாசமாகும். பழைய படங்கள்ல பார்த்திருப்பீங்க. அமெரிக்காவுல 1960-ல கிரைஸ்லர் கம்பெனி தன்னோட வேலியண்ட் கார்ல ஆல்டர்னேட்டரைப் போட்டுச்சு. அதுக்கப்புறம் உலகம் பூரா டைனமோ மெதுவா ஒழிஞ்சுது. நம்ம ஊர்ல 1961-ல பாடியில தொடங்கின லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி செஞ்ச சாமான்தான் பழைய இந்திய வண்டிகள்ல நிறைய இருக்கும்.

ஆல்டர்னேட்டர் உள்ள என்ன இருக்கு? நடுவுல சுத்துற ரோட்டார், அது ஒரு மின்காந்தம். சுத்தியும் ஸ்டேட்டர் காயில். காயில்ல பிறக்கிறது ஏசி கரண்ட். அதை டிசியா மாத்த ஆறு பெரிய டயோடு. பல மாடல்ல ரோட்டாருக்குத் தீனி போட இன்னும் மூணு சின்ன டயோடு. ரோட்டாருக்குக் கரண்டைக் கொண்டு போக ரெண்டு கார்பன். வோல்டேஜ் எகிறாம பார்த்துக்க ஒரு ரெகுலேட்டர். ரெண்டு பேரிங். அவ்வளவுதான். இதுல காயில் எரிஞ்சு போறதைத் தவிர மத்த எல்லாமே தனித்தனியா மாத்தக்கூடிய சமாச்சாரம். காயிலைக்கூட திரும்பக் கட்டலாம். அந்தக் காலத்துச் சாமானை அப்படித்தான் செஞ்சாங்க, பிரிச்சு மேயுறதுக்குத் தோதா.

இப்போ நம்ம ஊர் வைத்தியத்துக்கு வருவோம். சார்ஜ் ஏறலைன்னு வண்டியைக் கொண்டு போய் நிறுத்துறீங்க. தம்பி வருவான். பானெட்டைத் தூக்குவான். என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினல்ல ஒண்ணைப் பட்டுனு கழட்டுவான். என்ஜின் நின்னா "ஆல்டர்னேட்டர் போயிட்டு அண்ணாச்சி". ஓடுனா "பேட்டரி போயிட்டு அண்ணாச்சி". அஞ்சு செகண்ட்ல தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட்டுக்கே இவ்வளவு வேகம் கிடையாது.

ஐயா, இது டைனமோ காலத்துப் பழக்கம். அப்பாகிட்ட மகன் கத்துக்கிட்டு, மகன்கிட்ட உதவிப் பையன் கத்துக்கிட்டு இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. ஆல்டர்னேட்டருக்கு இது விஷம். பேட்டரிதான் அந்த சர்க்யூட்ல மெத்தை. சார்ஜ் போய்க்கிட்டு இருக்கும்போது மெத்தையை உருவினீங்கன்னா, ரோட்டார்ல இருக்கிற காந்தம் அந்த நொடியில அடங்காது. போக இடம் இல்லாத சக்தி வோல்டேஜா எகிறும். 14, 15 இல்லை, பல பத்து வோல்ட் வரைக்கும் போகும். அதுல டயோடும் ரெகுலேட்டரும் காலி. அதாவது, நல்லா இருந்த ஆல்டர்னேட்டரை "டெஸ்ட்" பண்ணியே கொன்னுட்டு, "நான் சொல்லல? போயிட்டு!"ன்னு கையைத் துடைக்கிறது. இதுக்குப் பேர் பரிசோதனை இல்லை. நாம சொந்தச் செலவுல வச்சுக்கிற சூனியம்.

அதே லிஸ்ட்ல இன்னும் ரெண்டு. பேட்டரியை மாத்திக் கொடுக்கிறது, அதாவது பிளஸ் மைனஸ் திருப்பிப் போட்டு ஜம்ப் ஸ்டார்ட் பண்றது. டயோடு அப்பவே போகும். 50கள்ல வந்த பிரிட்டிஷ் கார் சிலது பாசிட்டிவ் எர்த், அதைத் தெரியாம ஆல்டர்னேட்டர் மாட்டினாலும் அதே கதிதான். ரெண்டாவது, பேட்டரி வயரைக் கழட்டாம பாடியில வெல்டிங் வைக்கிறது. துருப்பிடிச்ச பாடிக்கு நம்ம ஊர்ல வெல்டிங் வைக்காத பழைய வண்டி ஏது?

இப்போ ஒரு உதாரணம்.

எங்க மாமா ஒருத்தர் முத்தையாபுரம் பக்கம் இருக்காரு. பெட்ரோல் அம்பாசிடர், 80கள்ல வாங்கினது. ஒரே வருஷத்துல ரெண்டு ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சு. பேட்டரியும் ஒண்ணு மாத்தியாச்சு. நோய் இதுதான்: ராத்திரி லைட் போட்டு நாலு நாள் ஓட்டினா, அஞ்சாம் நாள் காலையில செல்ஃப் எடுக்காது. பேட்டரியைக் கழட்டி வெளியில சார்ஜ் போட்டு மாட்டினா ஜோரா எடுக்கும். டேஷ்போர்டுல சார்ஜ் லைட் எரியவே இல்லை. மூணாவது ஆல்டர்னேட்டருக்கு விலை சொல்லியாச்சு. கூடவே ஒரு இலவச ஆலோசனையும். "பழைய வண்டி அண்ணாச்சி, இப்படித்தான் இருக்கும். கொடுத்துருங்க."

மாமா கிட்டத்தட்ட கொடுக்கிற முடிவுக்கே வந்துட்டாரு. போன வருஷம் நான் அங்க போயிருந்தப்போ, மீட்டரை வச்சுப் பார்த்தோம். என்ஜின் ஓடுது, ஹெட்லைட் எரியுது. பேட்டரி ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல 12.6 வோல்ட். ஓடுற என்ஜினுக்கு இது பட்டினிக் கணக்கு. இங்கேயே நிறுத்தினா "ஆல்டர்னேட்டர் வீக்"னு சொல்லிடலாம். ரெண்டு பேர் அப்படித்தான் சொல்லியிருக்காங்க.

நாங்க நிறுத்தல. மீட்டரை நேரா ஆல்டர்னேட்டர்ல வச்சோம். பெரிய டெர்மினலுக்கும் அதோட சொந்த பாடிக்கும் நடுவுல 14.3. ஆஹா! ஆல்டர்னேட்டர் ராஜா மாதிரி வேலை செய்யுது. அது தர்ற 14.3 பேட்டரிக்கு வந்து சேரும்போது 12.6 ஆகுது. நடுவுல 1.7 வோல்ட்டை எவனோ திங்கிறான். யாருன்னு பார்க்கணும்.

பிளஸ் பக்கம்: ஆல்டர்னேட்டர் டெர்மினல்ல இருந்து பேட்டரி பிளஸ் வரைக்கும் 0.2. பரவாயில்லை. மைனஸ் பக்கம்: என்ஜின் பிளாக்ல இருந்து பேட்டரி மைனஸ் வரைக்கும் 0.1. நல்லா இருக்கு. அதனாலதான் சார்ஜ் இருந்தா செல்ஃப் ஒழுங்கா சுத்துது. மிச்சம்? ஆல்டர்னேட்டர் பாடியில இருந்து என்ஜின் பிளாக் வரைக்கும் 1.4 வோல்ட்! கூட்டிப் பாருங்க. 12.6, 0.2, 0.1, 1.4. மொத்தம் 14.3. கணக்கு நேர். திருடன் மாட்டிக்கிட்டான்.

ஆல்டர்னேட்டரைத் தாங்குற இரும்பு பிராக்கெட்தான் அந்தத் திருடன். அதுல துருப்பிடிக்கக் கூடாதுன்னு யாரோ நல்ல மனசோட கட்டியா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பெயிண்டுக்கு மேல போல்ட். போல்ட்டுல துரு. அலுமினிய பாடி, இரும்பு பிராக்கெட், நடுவுல உப்பு ஈரம். இந்த மாதிரி ஆல்டர்னேட்டருக்கு மைனஸ் வயர் தனியா கிடையாது, பாடிதான் மைனஸ். அந்த வழியில பெயிண்டும் துருவும் உக்காந்திருந்தா கரண்ட் எப்படிப் போகும்?

உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு வெள்ளை இரும்பு தெரிய வச்சோம். ஆல்டர்னேட்டர் பாடியில இருந்து என்ஜின் பிளாக்குக்குத் தனியா ஒரு தடிமனான எர்த் வயர் போட்டு முறுக்கினோம். 1.4 இருந்த இடத்துல 0.05. பேட்டரியில 13.95. செலவு ஒரு முழம் வயர், ரெண்டு லக்கு, ஒரு உப்புத்தாள். மாமா ஒண்ணும் பேசலை. பழைய ரெண்டு ஆல்டர்னேட்டரும் எங்கன்னு மட்டும் கேட்டாரு. எடைக்குப் போயாச்சு.

இந்த இடத்துலதான் நீங்க கவனிக்கணும். "அப்புறம் எப்படி ஆல்டர்னேட்டர் மாத்தினப்போ சரியாச்சு?"ன்னு மாமாவே கேட்டாரு. நியாயமான கேள்வி. ஒவ்வொரு தடவை மாத்தினப்பவும் ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா ஓடியிருக்கு.

காரணம் ரொம்ப சிம்பிள். பழசைக் கழட்டிப் புதுசை மாட்டும்போது போல்ட்டும் பிராக்கெட்டும் உரசி, பெயிண்டும் துருவும் கொஞ்சம் கீறிக்கிட்டு, இரும்பு இரும்பைத் தொட்டிருக்கும். புது ஆல்டர்னேட்டர் பண்ணின வைத்தியம் இல்லை அது, ஸ்பேனர் பண்ணின வைத்தியம்! பழைய ஆல்டர்னேட்டரையே கழட்டித் திரும்ப மாட்டியிருந்தாலும் அதே ரெண்டு மாசம் ஓடியிருக்கும். அதுக்கப்புறம் உப்பு தன் வேலையைக் காட்டும்.

"மாத்தினேன், சரியாச்சு, அதனால அதுதான் கோளாறு". இந்த நினைப்புதான் எல்லாத்துக்கும் ஆணிவேர். கார்ல மட்டும் இல்லை. பத்து தடவை இப்படி நடந்தா அது அனுபவம்னு பேர் வாங்கிடுது. முப்பது வருஷ அனுபவம்னு சொல்றாங்களே, அதுல பாதி இந்த மாதிரி ரெண்டு மாசக் குணம்தான்.

சரி, உப்பு. நம்ம ஊரைச் சுத்தி உப்பளம். தென்மேற்குக் காத்து காலத்துல அந்தக் காத்து வெறும் காத்து இல்லை, உப்பும் புழுதியும் சேர்ந்த காத்து. நம்ம பக்கம் அப்போ மழையும் பெருசா கிடையாது, கழுவி விட ஆள் இல்லை. அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வச்சுக்கும். செம்பு வயர் நுனியில பச்சையா பூக்கும் பாருங்க, அதுதான். பச்சை வெளியில மட்டும் இருந்தா பரவாயில்லை. பல இழை வயர்ல ஈரம் உறைக்கு உள்ளேயே ஊறிப் போகும். வெளியில பார்த்தா வயர் புத்தம்புதுசு. உறையைக் கீறினா உள்ள கறுப்புப் பொடி.

இது தெரியாத விஷயமா? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல விசைப்படகுக்கு வயரிங் பார்க்கிறவங்ககிட்ட போய்க் கேளுங்க. லைட் மங்குதுன்னா அவங்க கை முதல்ல போறது கனெக்‌ஷன் பக்கம். கடல்ல நின்னுபோனா ஆல்டர்னேட்டர் விக்க அங்க கடை இல்லையே! கரையில இருக்கிற நமக்குத்தான் கடை பக்கத்துல இருக்கு, அதனால புத்தி தூரத்துல இருக்கு.

இன்னொரு விஷயம் நினைச்சுப் பார்த்தா வெக்கமா இருக்கு. முத்துக்குளிப்புக்குப் பேர் போன ஊர் இது. 1961-க்கு அப்புறம் இங்க பெரிய முத்துக்குளிப்பு நடக்கலை. ஆனா நடந்த காலத்துல எப்படி நடந்துச்சு? தோலாயிரம் பார்னு ஒரு பார் பேரைக் கேட்ட உடனே படகை எடுத்துக்கிட்டுக் குதிக்கல. முதல்ல பாருக்குப் போய் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பாங்க. பிரிச்சு, உள்ள இருக்கிற முத்தை மதிப்புப் போடுவாங்க. தேறும்னு கணக்கு சொன்னாத்தான் குளிப்புக்கு அறிவிப்பு. தேறலைன்னா சிப்பியைக் கடல்லயே விட்டுடுவாங்க. ஆளும் படகும் திரட்டுறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணும்னு தெரிஞ்ச ஊர் இது. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு நாம அளக்காம ஆல்டர்னேட்டரைக் கழட்டுறோம்.

எப்படி அளக்கிறது? பதினைஞ்சு நிமிஷ வேலை. டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு போதும், ஒரு வேளை குடும்பத்தோட பரோட்டா சாப்பிடுற காசு. வரிசையைக் குறிச்சுக்கோங்க. (சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுற ஃபேன் பெல்ட் பக்கம் போகாதீங்க. இது காமெடி இல்லை.)

1. பெல்ட். என்ஜின் நிக்கும்போது கட்டைவிரலால அமுக்குங்க. அரை இஞ்ச் இறங்கலாம். அதுக்கு மேல தொங்கினா லோடு ஏறும்போது வழுக்கும். உள் பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தாலும் வழுக்கும்.

2. பேட்டரி. வண்டி ராத்திரி பூரா நின்ன பிறகு 12.6 இருந்தா முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.0-ன்னா கிட்டத்தட்ட காலி. காலி பேட்டரியை வச்சுக்கிட்டு ஆல்டர்னேட்டரை டெஸ்ட் பண்ணாதீங்க. முதல்ல வெளியில சார்ஜ் போடுங்க.

3. சார்ஜ் லைட். சாவியைப் போட்டு, என்ஜினை எடுக்காம பாருங்க. லைட் எரியணும். எரியலைன்னா சந்தோஷப்படாதீங்க! பல பழைய ஆல்டர்னேட்டர்ல அந்தச் சின்ன பல்பு வழியா போற கரண்ட்தான் ரோட்டாரை முதல்ல எழுப்பும். லூகாஸ் வகைல வழக்கமா 2.2 வாட் பல்பு. அது ஃபியூஸ் போனா ஆல்டர்னேட்டர் தூக்கத்துல இருந்து எழும்பாது, இல்லைன்னா ஆக்சிலேட்டரை நல்லா முறுக்கினாத்தான் எழும்பும். ஒரு சின்ன பல்புக்காக முழு ஆல்டர்னேட்டரை மாத்தினவங்க உண்டு. இன்னும் சில பேர் அழகுக்காக அங்க எல்இடி போடுறாங்க. அதுல போற கரண்ட் பத்தாது.

பல்பா, ஆல்டர்னேட்டரான்னு சந்தேகமா? என்ஜின் நிக்கும்போது, சாவி போட்டபடி, ஆல்டர்னேட்டர்ல இருந்து அந்த மெல்லிசான இண்டிகேட்டர் வயரைக் கழட்டி எர்த்துல தொடுங்க. பெரிய வயரைத் தொட்டுராதீங்க, அதுல நேரடி பேட்டரி கரண்ட். லைட் எரிஞ்சா பல்பும் வயரும் நல்லா இருக்கு, உள்ள கார்பனோ ரோட்டாரோ ரெகுலேட்டரோ பார்க்கணும். எரியலைன்னா பல்போ வயரோதான்.

4. என்ஜினை எடுத்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து பேட்டரியில அளங்க. 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் சரி. 15 தாண்டினா ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி தண்ணி கொதிச்சு வத்தும்.

5. குறைவா இருந்தா, ஹெட்லைட் போட்டு, மாமா வண்டியில பார்த்த மாதிரியே வழியை அளங்க. பிளஸ் பக்கம் 0.3-க்கு உள்ள இருக்கணும். எர்த் பக்கம் 0.2-க்கு உள்ள. கூடுதலா இருந்தா ஆல்டர்னேட்டர் நிரபராதி. துண்டு துண்டா அளந்துக்கிட்டே போனா கோளாறு இருக்கிற இடம் தானா வரும்.

6. டயோடு. மீட்டரை ஏசிக்குத் திருப்பி பேட்டரியில வைங்க, லோடு இருக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா டயோடு மேல சந்தேகம். ஆனா மலிவு மீட்டர் சிலது ஏசி ஸ்கேல்ல டிசியையே 25, 30-ன்னு உளறும். என்ஜின் நிக்கும்போதே அப்படிக் காட்டுதான்னு பார்த்துக்கோங்க. இன்னொரு அடையாளம், ராத்திரி பூரா நின்ன வண்டியில ஆல்டர்னேட்டர் தொட்டா சூடா இருந்தா, டயோடு வழியா பேட்டரி ஒழுகுதுன்னு அர்த்தம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு "ஆல்டர்னேட்டர் போயிட்டு"ன்னு சொன்னா நான் தலை வணங்குறேன். அது போறதே இல்லைன்னு நான் சொல்ல வரலை. கார்பன் தேயும், பேரிங் கத்தும், டயோடு போகும், காயில் எரியும். அப்பவும் எது போச்சோ அதை மாத்துங்க. கார்பன் தேஞ்சதுக்கு முழு ஆல்டர்னேட்டர் மாத்துறது, செருப்பு வார் அறுந்ததுக்குக் காலை மாத்துற மாதிரி.

இப்போ எதிர்க்கட்சி வாதங்கள்.

"புது கார் ஆல்டர்னேட்டரைப் போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துச்சே, 60 ஆம்பியர் தருமே?" தரும். பழைய வண்டி வயரிங் அதுக்குப் போட்டதா? சன்ன வயர்ல அவ்வளவு கரண்டை ஏத்தினா வயர் சூடாகி உறை உருகும். பிராக்கெட்டை வெட்டி ஒட்டணும், புல்லி நேர் கோட்டுல வராது, பெல்ட்டைத் திங்கும். எல்லாத்துக்கும் மேல, கெட்ட எர்த் அப்படியே இருக்கு. அதே தடையில கரண்ட் கூடினா இழக்கிற வோல்டேஜும் கூடும். ஓம் விதி, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான்.

"சாமான் விலை குறைவு, நேரம்தான் காசு." ஒரு தடவைன்னா சரி. மூணு தடவை மாத்தி, ரெண்டு பேட்டரி மாத்தி, ராத்திரி திருநெல்வேலி ரோட்டுல ஹெட்லைட் மஞ்சளா மங்கி லாரிக்கு நடுவுல ஒதுங்கி நின்னதுக்கு என்ன விலை?

"பழைய வண்டின்னா இப்படித்தான்." இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். அம்பாசிடர் 1957-ல இருந்து 2014 வரைக்கும் உத்தரபாராவுல செஞ்ச வண்டி. டாக்ஸியா ராத்திரி பகலா ஓடின வண்டி. "இப்படித்தான் இருக்கும்"னா டாக்ஸிக்காரங்க எப்படிப் பொழைச்சாங்க? கண்டுபிடிக்கத் தெரியாததை வண்டியோட வயசு மேல போடுறது சோம்பேறித்தனம். வயசான மனுஷங்ககிட்டயும் சில டாக்டருங்க இதைத்தான் சொல்றாங்க, அதையும் கேட்டுக்கிட்டு வர்றோம்.

இதுல நிஜமாவே போறது என்னன்னா வண்டிதான். 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆச்சு. 50 வருஷம் ஆனாத்தான் விண்டேஜ்னு தனி மரியாதை. 80கள்ல வந்த வண்டி அங்கேயும் சேராது, இங்கேயும் சேராது. ஏற்கெனவே வீட்டுல "இதை எதுக்கு வச்சிருக்கீங்க"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அந்த நேரத்துல மூணாவது ஆல்டர்னேட்டர் பில் வந்து நின்னா என்ன நடக்கும்? எடைக்கடைக்காரர் வாசல்ல நிப்பாரு. ஒரு முழம் வயர்ல தீர்ற நோய்க்கு வண்டியே போகும். அதுக்கப்புறம் நாம வலைப்பதிவுல உக்காந்து "அப்பாவின் அம்பாசிடர்"னு கண்ணீர்ப் பதிவு எழுதுவோம், நாற்பது பின்னூட்டம் வரும். போங்கய்யா.

இப்போ ஆரம்பத்துல சொன்ன நம்ம குத்தத்துக்கு வர்றேன்.

அந்தத் தம்பியைத் திட்டினேன்ல? அவன் இடத்துல நின்னு பாருங்க. அவன் அரை மணி நேரம் மீட்டர் வச்சு, எர்த் கோளாறைக் கண்டுபிடிச்சு, பத்து ரூபாய் லக்கை மாட்டி, "ஐந்நூறு ரூபாய் கொடுங்க அண்ணாச்சி"ன்னு கேட்டா நாம என்ன சொல்லுவோம்? "ஏல, ஒரு வயரைத் தேய்ச்சதுக்கா ஐந்நூறு?" சண்டைக்குப் போவோம். அதே அவன் புது ஆல்டர்னேட்டர் டப்பாவைக் காட்டி ஆயிரக்கணக்குல பில் போட்டா வாயை மூடிக்கிட்டு எடுத்துக் கொடுப்போம். சாமானுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் எவன் மூளையைச் செலவழிப்பான்?

டைனமோ ஆர்மேச்சரை உக்காந்து கையால கட்டின கைகள் நம்ம ஊர்ல இருந்துச்சு. அந்தக் கடைகள் ஒவ்வொண்ணா மூடுனதுக்குப் புது டெக்னாலஜி மட்டும் காரணம் இல்லை. "கட்டுறதுக்கு இவ்வளவு கேக்குறீரே, இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வந்துருமே வே"ன்னு பேரம் பேசின நாமளும் காரணம்.

அதனால என் வேண்டுகோள் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, டேஷ்போர்டு டப்பாவுல பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல ஒரு மீட்டர் வைங்க. ரெண்டு, அடுத்த தடவை எலக்ட்ரீஷியன்கிட்ட போறப்போ முதல்லயே சொல்லிடுங்க. "தம்பி, சாமான் எதுவும் மாத்த வேண்டாம். எங்க எத்தனை வோல்ட் காணாம போகுதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு. அதுக்கு உன் கூலி என்னவோ நான் தர்றேன்." சொல்லிட்டு, கொடுங்க. பேரம் பேசாம கொடுங்க.

டிஸ்கி 1: 2023 டிசம்பர் வெள்ளத்துல (காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டின மழை) முங்கின வண்டிகளைப் பத்தித் தனியா கேக்காதீங்க. முங்கின ஆல்டர்னேட்டரைக் கழட்டிப் பிரிச்சு, சேறைக் கழுவி, காய வச்சு, கார்பனும் பேரிங்கும் பார்த்து மாட்டலாம். ஆனா கழட்டி மாட்டும்போது பிராக்கெட்டைத் தேய்க்க மறந்துராதீங்க. அன்னிக்கு வண்டியில ஊறின ஈரம் இன்னும் எத்தனை எர்த்துல உக்காந்திருக்கோ.

டிஸ்கி 2: கிரீஸைவிட வாசலைன் நல்லது. தேய்ச்சு, முறுக்கி, அதுக்கு அப்புறம் மேல தடவுங்க. முதல்லயே தடவிட்டு முறுக்காதீங்க. பெயிண்ட்? அந்தப் பேச்சே எடுக்காதீங்க :-)